எத்தெல் வாட்டர்ஸின் குரலை இணையத்தில் ஏற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

பழைய இசைத்தட்டுகளையும் படச்சுருள்களையும் மின்வடிவாக்கி இணையத்தில் ஏற்றிவரும் நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பினப் பாடகியும் நடிகையுமான எத்தெல் வாட்டர்ஸ் முதன்முதலாக இசைத்தட்டுக்குப் பாடியது 1921 மார்ச்சில், கார்டினல் என்ற சிறு நிறுவனத்துக்காக. 1961 அக்டோபரில் 'ரூட் 66' தொலைக்காட்சித் தொடரில் சாகக் கிடக்கும் ஒரு ப்ளூஸ் பாடகியாக நடித்தார். அந்த வேடம் அவரை எம்மி விருதுப் பரிந்துரைப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. இடையில் நாற்பது ஆண்டு. பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் 1896-இல் பிறந்து, நாடகக் கொட்டகைகளில் ப்ளூஸ் பாடிக்கொண்டிருந்த பெண் எப்படிப் பெரும் நடிகையானார் என்று யாராவது கேட்டால், பதில் அவருடைய ஒலிப்பதிவுகளிலேயே இருக்கிறது. அந்தப் பதிவுகளை இன்று பெரும்பாலோர் கேட்பது நீங்கள் ஏற்றும் கோப்புகளில்தான். அதனால்தான் இந்த மடல்.

அமெரிக்காவில் 2018-இல் வந்த இசைச் சட்டத்தின்படி, 1922 வரையான ஒலிப்பதிவுகள் 2022 ஜனவரி 1 முதல் உரிமைத் தடையின்றி யாரும் பயன்படுத்தக்கூடியவை. 1923-இன் பதிவுகளுக்கு 2024, 1924-க்கு 2025, 1925-க்கு 2026. அவர் பிளாக் ஸ்வான் நிறுவனத்துக்காகப் பாடிய தொடக்ககாலப் பாடல்கள் முதல் கொலம்பியாவின் 'டைனா' வரை இதில் அடங்கிவிடும். (1933-இன் 'ஸ்டார்மி வெதர்' 2034 வரை காத்திருக்க வேண்டும்.) உரிமைத் தடை நீங்கியதும் கோப்புகள் வந்து குவியும். ஒரே பாட்டு மூன்று சுருதியில், நான்கு பெயரில் கிடைக்கும் நிலை வந்தால், எது அவர் பாடியது என்று கேட்பவருக்கு எப்படித் தெரியும்?

முதலில் வேகத்தைப் பாருங்கள். '78' (நிமிடத்துக்கு 78 சுற்று) என்பது பெயரளவுக்குத்தான். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சுழல்தட்டின் வேகம் 78.26 என நிலைபெற்றது பிற்காலத்தில். 1920-களின் தொடக்கத்தில் எடையைத் தொங்கவிட்டு ஓட்டிய பதிவு எந்திரங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறின; கொலம்பியாவின் குழல் காலத் தட்டுகள் (மைக் இல்லாமல் குழலுக்குள் பாடிப் பதிந்தவை) பல 80-இல் ஓட வேண்டியவை. 80-இல் ஓட வேண்டியதை 78.26-இல் ஓட்டினால் சுருதி 38 சென்ட் இறங்கிவிடும் (நூறு சென்ட் ஓர் அரைக்கட்டை). அரைக்கட்டையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். குரல் தடித்து, வயது கூடிக் கேட்கும். இருபத்தைந்து வயதுப் பெண்ணின் குரலை நாற்பது வயதுக் குரலாக்கிவிட்டு, 'ஆரம்பத்திலேயே எவ்வளவு முதிர்ந்த குரல்' என்று குறிப்பு எழுதுவது நியாயமில்லை.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பிளாக் ஸ்வான் தட்டுகள் பலவற்றில் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பியானோவில் இருக்கிறார். பியானோவுக்குச் சுருதி நிலையானது என்பது நமக்கு வாய்ப்பு. தட்டை 78.26-இல் ஓட்டி, பியானோ மட்டும் ஒலிக்கும் இரண்டு மூன்று இடங்களில் சுருதியை அளந்து பாருங்கள். பியானோவின் அடுத்தடுத்த இரண்டு சுரங்களுக்கு இடையில் விழுந்தால் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வாய்ப்புகள். ஓர் அரைக்கட்டை மாற வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் மாற வேண்டும். 78-இல் அது நான்கரைச் சுற்றுக்குச் சற்று மேல். எனவே இரண்டில் ஒன்று பெரும்பாலும் நடைமுறைக்கு ஒவ்வாத வேகமாக இருக்கும். அப்படியும் ஐயம் தீராவிட்டால், பித்தளைக் கருவிக்காரர்கள் பி ஃபிளாட், இ ஃபிளாட், எஃப் போன்ற சுருதிகளையே விரும்பினார்கள் என்பதை வைத்து முடிவெடுக்கலாம். அக்காலப் பியானோக்கள் எல்லாம் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸ் என்ற அளவுக்குக் கூட்டப்பட்டவை அல்ல. 435-க்குக் கூட்டியவையும் இருந்தன. இதில் 20 சென்ட் வரை தடுமாற்றம் இருக்கும், அதை ஒப்புக்கொண்டு குறிப்பில் எழுதிவிடுங்கள். இந்தச் சோதனையைத் தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். மூன்று நிமிடத்துக்குள்ளேயே வேகம் நழுவிய தட்டுகள் உண்டு.

அடுத்தது ஊசி. எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை 1 மில்லுக்கும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. 78-இன் பள்ளம் அதைவிட மும்மடங்கு அகலம். சின்ன ஊசி அடியில் உட்கார்ந்து அழுக்கை வாசிக்கும். 2.5 முதல் 3.5 மில் வரை, நுனி வெட்டிய ஊசிகள் மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்பு ஊசிகள் பள்ளச்சுவரை ஓர் உயரத்தில் தேய்த்திருக்கும். அந்த உயரத்துக்கு மேலோ கீழோ உட்காரும் ஊசி கிடைத்தால் குரல் தெளிந்துவிடும். எடை 3 முதல் 5 கிராம். இடது வலது இரண்டு தடத்தையும் தனித்தனியே 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்து வையுங்கள். பிறகு ஒன்றாக்கினால் செங்குத்தான இரைச்சல் தானாக அறுபடும். ஒரு சுவர் மிகவும் தேய்ந்திருந்தால் மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கழுவும்போது ஆல்கஹால் கூடவே கூடாது. தட்டு அரக்கு, ஆல்கஹாலில் கரையும். வடிநீரில் சில துளி அயனியற்ற சோப்பு போதும். கொலம்பியாவின் 1923-க்குப் பிந்தைய தட்டுகள் அடுக்குத் தட்டுகள், மேலே மெல்லிய அரக்கு, உள்ளே மட்டமான கலவை. விரிசல் வழியே நீர் உள்ளே போனால் மேல்படலம் உப்பிவிடும். விரிசல் கண்ட தட்டை நனைக்காதீர்கள்.

ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியலையைப் பெருக்கும் போனோ பெருக்கி பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய பெருக்கிகளில் உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு (பதியும்போது கூட்டிய உச்ச ஒலியை ஓட்டும்போது குறைக்கும் அமைப்பு) 10 கிலோஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கும். 1920-களின் தட்டுகளில் அதற்கு ஈடான கூட்டல் இல்லை. அப்படியே ஓட்டினால் உச்ச ஒலியெல்லாம் மங்கிப் போகும். குழல் காலத் தட்டுகளுக்கு எந்த வளைவும் வேண்டாம். 1925-க்குப் பிந்தைய மின்பதிவுகளுக்குக் கீழ்ச்சுரத் திருப்பத்தை (எந்த அலைவெண்ணுக்குக் கீழே கீழ்ச்சுரங்களைக் கூட்ட வேண்டும் என்பதை) 250 ஹெர்ட்ஸ் அருகில் வைத்துத் தொடங்கிக் காதால் சரிபாருங்கள்.

இனி, நாங்கள் மிகவும் மனம் வருந்திச் சொல்வது இரைச்சல் நீக்கத்தைப் பற்றி. எத்தெல் வாட்டர்ஸின் தனித்தன்மை அவருடைய உச்சரிப்பு. ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பெருங்குரலோடு அவர் போட்டிக்குப் போகவில்லை. சொல்லைத் தெளிவாக வைத்தார், 'ர'கரத்தை உருட்டினார், வார்த்தைக்கு முன் ஒரு நொடி நிறுத்தினார். 1928-இல் ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோவோடு பாடிய 'மை ஹேண்டி மேன்' முழுக்க இரட்டைப் பொருள். நல்ல குடும்பத்துப் பெண் வீட்டுக்கணக்கு வாசிப்பதுபோன்ற சுத்தமான உச்சரிப்பில் அதை அவர் பாடுவதால்தான் உள்ளர்த்தம் எழுகிறது. அங்கே ஒரு கதாபாத்திரம் இருக்கிறது. ச, ட, ஃப போன்ற மெய்யொலிகள் இருக்கும் அதே அலைவரிசையில்தான் ஊசியின் இரைச்சலும் இருக்கிறது. மென்பொருளின் நீக்கும் அளவை 15, 20 டெசிபலுக்கு ஏற்றினால் இரைச்சலோடு மெய்யொலியும் போய்விடும். உயிரொலி மட்டும் தண்ணீருக்கடியில் மிதக்கும். நடிகை அங்கேயே காணாமல் போய்விடுகிறார். பெரிய சொடுக்குகளைக் கையால் எடுங்கள். பரவிய இரைச்சலை 3 முதல் 6 டெசிபலுக்கு மேல் குறைக்காதீர்கள். நீக்கிய பகுதியை மட்டும் தனியாக ஓட்டிக் கேளுங்கள். அதில் ஒரு சொல்லாவது புரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

படங்களிலும் வேகக் கோளாறு உண்டு, காரணம் வேறு. விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் படத்தை ஐரோப்பியத் தொலைக்காட்சிக்காக 25 சட்டமாக ஓட்டிய வட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகள் ஏராளம். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 விநாடியில் முடிந்துவிடும். சுருதி 71 சென்ட் ஏறும். 'கேபின் இன் தி ஸ்கை' (1943), 'பிங்கி' (1949), 'தி மெம்பர் ஆஃப் தி வெட்டிங்' (1952) ஆகியவற்றில் அவர் குரலின் ஆழமே அவர் நடிப்பின் அடித்தளம். அது அரைக்கட்டையில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக ஏறிக் கேட்டால் பார்வையாளருக்குக் காரணம் தெரியாமலே பாத்திரம் இளைத்துப்போகும். வேகத்தை 96 சதவீதத்துக்குக் குறைத்து ஏற்றுங்கள். சுருதியும் சேர்ந்து இறங்கும்படி.

1929-இன் 'ஆன் வித் தி ஷோ' வைட்டாஃபோன் முறை. ஒலி படச்சுருளில் இல்லை, 16 அங்குலத் தட்டில் இருந்தது. 33⅓ வேகத்தில், உள்ளிருந்து வெளியே ஓடும். ஆயிரம் அடிச் சுருளுக்கு ஒரு தட்டு, ஏறத்தாழ 11 நிமிடம். சுருளில் சில சட்டங்கள் அறுந்தால் அதன்பின் உதடும் ஒலியும் பொருந்தா. அதைச் சரிசெய்ய ஒலியை வெட்டுகிறார்கள். வெட்டாதீர்கள். 'ஆம் ஐ ப்ளூ' காட்சியில் அவர் விடும் இடைவெளிகள்தான் பாட்டின் உயிர். விடுபட்ட சட்டங்களுக்குக் கருஞ்சட்டம் வையுங்கள். படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டு, இன்று பெரும்பாலும் கறுப்பு-வெள்ளையில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கணினியால் வண்ணம் பூசி 'அசல்' என்று பெயர் போடவும் வேண்டாம்.

பெயர்க் குழப்பம் ஒன்று. 'ஸ்டார்மி வெதர்' பாட்டை 1933-இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் மேடையில் அறிமுகப்படுத்தியவர் வாட்டர்ஸ். அவ்வாண்டு மே மாதம் பிரன்ஸ்விக் தட்டுக்குப் பாடியவரும் அவரே. 1943-இல் அதே பெயரில் வந்த படத்தில் பாடுபவர் லீனா ஹார்ன். அந்தப் படத் துண்டில் வாட்டர்ஸ் பெயரைப் போடுவதை நிறுத்துங்கள். அதேபோல, 'ஆஸ் தவுசண்ட்ஸ் சியர்' என்ற பிராட்வே நிகழ்ச்சியில் (1933 செப்டம்பர் 30 தொடக்கம், 400 காட்சிகள்) அவர் பாடிய 'சப்பர் டைம்'. கும்பல் அடித்துக் கொன்ற கணவன் இனி வரப்போவதில்லை என்று தெரிந்தபின் பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாடு எடுத்துவைக்கும் மனைவியின் பாட்டு அது. 1939-இல் 'மாம்பாஸ் டாட்டர்ஸ்' நாடகத்தில் ஹேகர் வேடத்துக்கு அவர் போன பாதை இந்தப் பாட்டின் வழியாகத்தான் போகிறது என்பது எங்கள் எண்ணம். அந்த மேடையில் பாடியதன் பதிவு கிடையாது. பின்னாளில் பாடியதை '1933' என்று தலைப்பிட்டு ஏற்றினால், கேட்பவர் நடுவயதுக் குரலை அந்த ஆண்டின் குரல் என்று எடுத்துக்கொள்வார்.

'மெம்பர் ஆஃப் தி வெட்டிங்' நாடகம் 1950 ஜனவரியில் தொடங்கி 501 காட்சிகள் ஓடியது. அதில் ஒரு தாலாட்டு இருந்த இடத்தில் 'ஹிஸ் ஐ இஸ் ஆன் தி ஸ்பேரோ' என்ற பக்திப் பாடல் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். படத்திலும் அது இருக்கிறது. அந்தப் பாட்டை மட்டும் வெட்டி எடுத்து ஏற்றாமல், முன்னுள்ள சமையலறைப் பேச்சில் இரண்டு நிமிடமாவது சேர்த்து ஏற்றுங்கள். பேச்சு எந்த இடத்தில் பாட்டாகிறது என்பதைக் கேட்டால்தான் 1928-இன் தட்டுக்கும் இதற்கும் உள்ள உறவு விளங்கும்.

ஒவ்வொரு கோப்பின் குறிப்பிலும் இவற்றை எழுதுங்கள்: நிறுவனம், தட்டு எண், லேபிளை ஒட்டிய வெற்றிடத்தில் கீறியிருக்கும் அச்சு எண்ணும் (மேட்ரிக்ஸ்) எடுப்பு எண்ணும் (எத்தனையாவது முறை பாடிப் பதிந்தது என்பது), ஓட்டிய வேகம், ஊசியின் அளவு, எவ்வளவு இரைச்சல் நீக்கினீர்கள் என்பது. எடுப்பு எண் மிக முக்கியம், ஒரே பாட்டின் இரண்டு எடுப்புகளில் அவர் நிறுத்தும் இடமே மாறியிருக்கக்கூடும். பிளாக் ஸ்வான் 1924-இல் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனபின் அதே அச்சுகளிலிருந்து மறுபதிப்புகள் வந்தன. பாரமவுண்டின் அரக்கு கரடுமுரடு. இரண்டும் கிடைத்தால் இரண்டையும் ஏற்றுங்கள், எது எதுவென்று தெளிவாகச் சொல்லி. திருத்தாத மூலப் பதிவையும் ஒரு தனிக் கோப்பாகக் கூடவே வையுங்கள். நாளை உங்களைவிட நல்ல கருவி வைத்திருப்பவர் அதிலிருந்து மீண்டும் தொடங்க முடியும்.

அன்புடன்,
பழைய இசைத்தட்டுகளைக் கேட்டுவரும் சிலர்