கேரவனின் பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றித் தராதது குறித்துப் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டில், தண்ணி டேங்க் எல்லாம் வைத்து உங்களிடம் பாடி கட்டி வாங்கிய எங்கள் கேரவனில், வண்டியின் ஆட்டத்தை அடக்கும் பின் ஷாக் இரண்டும் போய்விட்டன. வலது பக்கம் ஆயில் வழிகிறது. பள்ளத்தில் இறங்கினால் ஆடிக்கொண்டே போகிறது, வளைவில் சாய்கிறது, பின் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"பார்ட்ஸ் வந்துடுச்சு, வண்டியைக் கொண்டு வாங்க" என்று உங்கள் ஆள்தான் போன் செய்தார். திருவொற்றியூரிலிருந்து மணலி வழியாக, கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் அந்த வண்டியை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாதவரம் வரை ஓட்டி வந்தேன். பெட்டியைப் பிரித்தால் ஒரே ஒரு ஷாக்! லீக் ஆவதை மட்டும் மாற்றுவார்களாம். ஒரே ஆக்ஸிலில் ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசா? ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்பது தண்டையார்பேட்டை ரோட்டோர மெக்கானிக்குக்கூடத் தெரியும்.

அதைக் கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர் சொன்ன பதில்: "கட்டிலு, ஃபிரிட்ஜு, தண்ணி டேங்க்குன்னு வீட்டையே ஏத்தினா ஷாக் போகத்தான் செய்யும். அம்மாவை வீட்லயே வெச்சுக்கோங்க சார்." அம்மா பக்கத்திலேயே இருந்தார். அந்தக் கட்டிலையும் டேங்கையும் மாட்டிக் கொடுத்ததே நீங்கள்தானே? கேரவன் எப்போதும் அந்தப் பாரத்தோடுதான் ஓடும். அதைத் தாங்குகிற ஷாக் போடுவது யார் பொறுப்பு? பெயர் கேட்டேன், அதையும் சொல்லவில்லை.

முதலில், வண்டியின் அடிச்சட்டத்தைச் செய்த சேஸிஸ் கம்பெனியைக் கேட்கச் சொன்னீர்கள். அவர்கள் பாடி கட்டினவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அது போக, போன சர்வீஸில் உங்கள் ஆட்கள் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தபடியே ஷாக் போல்ட்டை இறுக்கினார்கள், அதிலிருக்கும் ரப்பர் புஷ்ஷும் கிழிந்துவிட்டது. பாரம் சக்கரத்தில் இறங்கின பிறகுதானே இறுக்க வேண்டும்?

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆன அம்மாவால் உட்கார்ந்து பயணம் செய்ய முடியாது. படுத்தபடி அழைத்துப் போகத்தான் இந்த வண்டியே. தீபத்துக்குத் திருவண்ணாமலை போக முடியவில்லை. எங்களுக்கு இந்த வருஷமே பாழ். போட்ட பணம் மொத்தமும் காசிமேட்டுக் கடலில் கொட்டிய மாதிரிதான்.

தயவுசெய்து 15 நாட்களுக்குள் பின் ஷாக் இரண்டையும், புஷ்ஷையும், தேய்ந்த டயர்களையும் உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். கவுண்டரில் பேசியவர் என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு, சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வண்டியின் முழு விலையையும் கேட்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் இங்கேதான் வந்து நிற்க வேண்டும்.

நல்லபடியாக முடித்துக் கொடுப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். ஜாப் கார்டு, ரசீது நகல்கள், ஆயில் வழியும் படங்கள் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வண்டி உரிமையாளர்,
திருவொற்றியூர்