முன் ஸ்வே பாரும் மூன்று மணி நேரமும்: பிக்கப் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிக்கப் வண்டிகளின் சஸ்பென்ஷனை வரைகிற பொறியாளர்களுக்கும், அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கரடுமுரடான தடத்தில் ஓட்டுவதற்காக என் பிக்கப்பின் முன் ஸ்வே பாரைக் கழற்றினேன். இடது, வலது முன் சக்கரங்களின் சஸ்பென்ஷனை ஒன்றோடொன்று இணைக்கிற கம்பி அது. உங்கள் கையேட்டில் அதற்கு ஸ்டெபிலைசர் பார் என்று பெயர். எந்தப் பெயரில் அழைத்தாலும் பொருள் ஒன்றுதான். கம்பியின் முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கப் பக்கத்துக்கு ஒரு குட்டைத் தண்டு, அதாவது லிங்க்; லிங்குக்குக் கீழே ஒரு நட்டு. அந்த இரண்டு நட்டைக் கழற்றிக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வலது பக்கம் நான்கு நிமிடம் ஆனது. இடது பக்கம் மூன்று மணி நேரம். இந்த மடல் அந்த இடது பக்கத்தைப் பற்றியது.

அந்தக் கம்பி எதற்கு இருக்கிறது என்று எனக்கு வகுப்பெடுக்க வேண்டாம். வளைவில் வண்டி சாயும்போது முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கிறது. 1919-இல் கனடாக்காரர் ஸ்டீபன் கோல்மன் இதற்குக் காப்புரிமை வாங்கிய நாள் முதல் அதன் வேலை மாறவில்லை. சாலையில் அது வேண்டும். உயரமாகப் பாரம் ஏற்றினால் கட்டாயம் வேண்டும். ஆனால் கரடுமுரடான தடத்தில் அதே கம்பிதான் காலை வாருகிறது. ஒரு முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கப் பார்த்தால், மறுபக்கச் சக்கரத்தோடு அதைக் கட்டிப்போட்டு இறங்கவிடாமல் பிடிக்கிறது. வண்டியே அந்தப் பக்கம் சரிகிறது. எதிர்மூலைப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்குகிறது. இரண்டு சக்கரத்துக்கும் எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரென்ஷியலோ, இரண்டையும் சேர்த்துச் சுற்றவைக்கும் லாக் இல்லாவிட்டால், தொங்குகிற சக்கரத்தை மட்டும் சுற்றிவிட்டுச் சும்மா இருந்துவிடும். உங்கள் விளம்பரங்களில் ஒரு சக்கரம் காற்றில் மிதக்க, வண்டி பாறைமேல் கம்பீரமாக நிற்கிறதே, அது பெருமைப்பட வேண்டிய படம் இல்லை. சஸ்பென்ஷன் அதற்கு மேல் இறங்க முடியாமல் கைவிரித்த படம்.

என் வண்டிக்கு முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன்தான். ஒரே அச்சாக இருக்கும் வண்டிகளில் கிடைக்கிற அளவுக்கு இதில் கம்பியைக் கழற்றுவதால் பலன் கிடைக்காது என்பதும் தெரியும். கிடைக்கிற கொஞ்சமே நான் போகிற தடத்துக்குப் போதும்.

சரி, இடது பக்கத்துக்கு வருவோம்.

சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கம்பியில் முறுக்கம் இல்லாதபடி இரண்டு முன் சக்கரமும் தரையில் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடியில் படுத்தேன். நட்டில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினேன். திரும்பியது. மகிழ்ச்சியோடு இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். அப்புறம்தான் கவனித்தேன், நட்டோடு சேர்ந்து பால் ஜாயிண்ட்டின், அதாவது லிங்கின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டின், தண்டும் சுற்றுகிறது. இப்படியே விடியவிடியச் சுற்றிக்கொண்டு இருக்கலாம், நட்டு கழன்று வராது.

தண்டைப் பிடித்து நிறுத்த அதன் நுனியில் ஆலன் கீ என்கிற ஆறுமூலைச் சாவியைப் போடும் சின்னக் குழி ஒன்று வைத்திருக்கிறீர்கள். நல்ல எண்ணம். ஆனால் அதைச் சேறும் தண்ணீரும் அடிக்கிற பக்கம் பார்த்துத் திறந்து வைத்திருக்கிறீர்கள். சில வருடங்களில் துரு அடைத்துக்கொண்டது. ஆணியால் சுரண்டிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் காத்திருந்து, ஆலன் கீயைத் தட்டி உள்ளே இறக்கினேன். திருப்பிய முதல் அழுத்தத்திலேயே குழியின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிட்டது. ரப்பர் உறைக்குப் பின்னால் ஸ்பேனர் பிடிக்கத் தட்டையான இடம் இருக்குமோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று உருண்டையாக இருந்தது. பிடிப்பு இடுக்கியைப் போட்டேன். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் என் கன்னத்தில் விழுந்ததுதான் மிச்சம்.

கடைசியில் கிரைண்டரை எடுத்தேன். எந்த இடத்தில் கிரைண்டர் ஓட்டினேன் என்று நீங்களே உங்கள் வரைபடத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் பிரேக் ஹோஸ், இன்னொரு பக்கம் ஏபிஎஸ் சென்சாரின் ஒயர். இரண்டின் மேலும் ஈரத்துணியைச் சுற்றி, ஒரு கையால் துணியை விலக்கிப் பிடித்தபடி, இன்னொரு கையால் வெட்டினேன். கிரைண்டரை ஒற்றைக் கையால் பிடிக்கக் கூடாது என்று தெரியும். இரண்டு கையும் நுழைய அங்கே இடம் இல்லை. பொறி முகத்தில் அடிக்க, பிரேக் ஹோஸ் பக்கம் ஒரு பொறி போனாலும் நிறுத்திவிட்டு எழுந்து பார்த்து, மறுபடி படுத்து, மறுபடி வெட்டி... ஒரு நட்டுக்காக.

கம்பியின் விட்டத்தை 10 சதவீதம் கூட்டினால் அதன் விறைப்பு ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். அந்தக் கணக்கையெல்லாம் போட்டுத்தான் மில்லிமீட்டர் சுத்தமாக அளவைத் தீர்மானித்திருப்பீர்கள். கழற்றுகிறவனின் கை அங்கே நுழையுமா என்று மட்டும் யாரும் கணக்குப் போடவில்லை.

என் வேண்டுகோள் சின்னது. முன் ஸ்வே பாரை வண்டிக்காரரே சில நிமிடங்களில் விடுவித்து, அதே வேகத்தில் திரும்ப மாட்டும்படி செய்து கொடுங்கள். விலை உயர்ந்த வகைக்கு மட்டும் இல்லை, அடிமட்ட வகைக்கும்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். ராம் பவர் வேகன் என்ற பிக்கப்பில் 2005-லேயே டாஷ்போர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முன் ஸ்வே பார் விடுபட்டது. ஜீப் கிளாடியேட்டர் ரூபிகானிலும் பொத்தான்தான்; வேகம் மணிக்கு 29 கிலோமீட்டரைத் தாண்டினால் தானே இணைந்துகொள்ளும். 2024 டொயோட்டா டகோமாவின் சில வகைகளிலும் இந்த வசதி வந்துவிட்டது. ஆக, உங்கள் துறைக்கு இது தெரியாத வித்தை இல்லை. தெரிந்ததை மேல்தட்டு வகைக்குள் பூட்டி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். எனக்கு மோட்டாரும் பொத்தானும் வேண்டாம். கையால் உருவக்கூடிய ஒரு பின், அது விழாமல் இருக்க ஒரு கிளிப், விடுவித்த லிங்கை டயரில் உரசாமல் மாட்டி வைக்க ஒரு கொக்கி. அதுவும் கஷ்டம் என்றால், போகட்டும், தண்டில் ஸ்பேனர் பிடிக்க இரண்டு தட்டை முகமாவது வெட்டிக் கொடுங்கள்.

உங்கள் பதில் எனக்குக் கேட்கிறது. "கழற்றுவதை எளிதாக்கினால் அது இல்லாமலே நெடுஞ்சாலையில் ஓட்டுவார்கள், அது ஆபத்து." ஆபத்துதான், மறுக்கவில்லை. வெட்டிய லிங்குக்கு மாற்று வந்து சேரும் வரை ஒன்பது நாள் நானே அப்படி ஓட்டினேன். ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சாய்ந்து, அதற்கப்புறம்தான் திரும்பியது. முன்பக்க விறைப்பு போய்விட்டதால் வேகமாக ஒடித்தால் பின்பக்கம் விலகப் பார்க்கும் என்ற பயம் வேறு. 40-க்கு மேல் போகவே இல்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரனிலேயே திட்டினார்கள்.

ஆனால் அப்படி ஓட்டியது எதனால்? மாட்டுவது கஷ்டம் என்பதால். ஒரு நாள் பயணத்துக்காகக் கழற்றியவர்கள், மறுபடி அந்த நட்டோடு மல்லுக்கட்டப் பயந்து, கம்பியைக் கொட்டகை மூலையில் சாத்திவிட்டு அப்படியே வருடக்கணக்கில் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வண்டிகள் கைமாறும்போது வாங்குகிறவருக்கு விஷயமே தெரியாது. கழற்றுவதைக் கடினமாக்கி நீங்கள் யாரையும் தடுக்கவில்லை. திரும்ப மாட்டுவதைத்தான் தடுத்திருக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் பின்னைச் செருகிவிடலாம் என்றால் தடம் முடிகிற இடத்திலேயே மாட்டிவிட்டுத்தான் தார்ச்சாலை ஏறுவோம்.

உங்கள் சேவை மையத்திலும் கேட்டேன். "அதை நாங்கள் தொடுவதில்லை" என்றார்கள். கையேட்டைப் புரட்டினேன். போனை எப்படி இணைப்பது என்பதற்கு ஒன்பது பக்கம். உள்விளக்கின் நிறத்தை மாற்ற இரண்டு பக்கம். ஸ்டெபிலைசர் பாருக்கு ஒரு வரி, அதுவும் சேவை மையத்தை அணுகவும் என்று. கால் கிண்ணம் காபி சிந்தாமல் நிற்க இருக்கையில் எத்தனை பள்ளம் வேண்டும் என்று யோசிக்கிற கூட்டத்தில், வண்டிக்கு அடியில் படுத்து எழுந்த ஒருவராவது இருக்கிறாரா? காலையில் டையைக் கட்டிக்கொண்டு...

மன்னிக்கவும். வேண்டுகோளோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று முடிவு செய்துதான் எழுத உட்கார்ந்தேன்.

அடுத்த மாதிரியின் முன் சஸ்பென்ஷனை வரையும்போது, விடுவித்து மாட்டக்கூடிய லிங்கை எல்லா வகைக்கும் சேர்த்து வரையுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். கையேட்டில் அதற்கு ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த வேகத்துக்கு மேல் அது இல்லாமல் ஓட்டக் கூடாது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். நான் படிப்பேன்.

வெட்டி எடுத்த இடது லிங்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நட்டு இன்னும் அதிலேயேதான் இருக்கிறது, இன்னும் சுற்றுகிறது. உங்களில் யாருக்காவது கழற்றிப் பார்க்க ஆசை இருந்தால் சொல்லுங்கள், தபாலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டிருப்பவன்