எத்தனை ஓபிஎல் என்று கேட்காதீர்கள்

ஆலை மேலாளர்களுக்கும், டிபிஎம் (ஆபரேட்டர் உட்பட எல்லோரும் சேர்ந்து மெஷினைப் பராமரிக்கும் முறை) ஒருங்கிணைப்பாளர்களுக்கும், பயிற்சித் துறையில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். அம்பத்தூரிலிருந்து ஓசூர் வரை எந்த வாகன உதிரிபாக ஆலைக்குள் போனாலும் லைன் ஓரத்தில் ஒரு போர்டு நிற்கும். அதில் லாமினேட் செய்த ஒரு பக்கத் தாள்கள் தொங்கும். ஒன் பாயின்ட் லெசன், அதாவது ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கும் தாள், நம் வாயில் ஓபிஎல். பக்கத்திலேயே ஒரு வரைபடம் இருக்கும்: இந்த மாத டார்கெட் இவ்வளவு, முடித்தது இவ்வளவு. அந்த வரைபடத்தைக் கழற்றிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆளுக்கு மாதம் ஒன்று என்று டார்கெட் வைத்தால் என்ன நடக்கும் என்பது ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் தெரியும். மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். பழைய ஃபைலைத் திறந்து மெஷின் நம்பரையும் தேதியையும் மாற்றி பிரிண்ட் எடுப்பார். 'மெஷினைச் சுத்தமாக வைக்கவும்' என்பது மாதிரி யாரும் மறுக்க முடியாத ஒரு வாசகம் அதில் இருக்கும். கையெழுத்துப் பட்டியல் டீ நேரத்தில் சுற்றி வரும், எல்லோரும் போட்டுவிடுவார்கள். ஆடிட்டருக்கும் திருப்தி. யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரிந்திருக்காது.

ஓபிஎல் என்பதே ஏன் வந்தது என்று கொஞ்சம் யோசிப்போம். 1971 வாக்கில் ஜப்பானின் வாகன உதிரிபாக நிறுவனமான நிப்பான்டென்சோவில் டிபிஎம் உருவெடுத்தபோது அதன் அடிப்படை எளிமையாக இருந்தது: மெஷினை ஓட்டுகிறவரே அதைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், போல்ட் தளர்ந்தால் முறுக்குவார், சத்தம் மாறினால் முதலில் கவனிப்பார். அதற்கெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள் தெரிய வேண்டும். ஆனால் லைனை நிறுத்திவிட்டு ஆட்களை வகுப்பில் உட்கார வைக்க முடியாது. ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஐந்து, பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் ஒரே பக்கம், ஒரே விஷயம், படம் நிறைய, எழுத்து கொஞ்சம். அடிப்படை அறிவு, நடந்த பிரச்சினை, செய்த மேம்பாடு என்று மூன்று வகை. எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும் முடிந்தவரை ஆபரேட்டரே.

ஒரு நல்ல ஓபிஎல் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் அளவு காட்டும் கண்ணாடி. புதிதாகச் சேர்ந்த பையன் பார்க்கிறான், எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே நிற்கிறது. பொறுப்பாகப் போய் எண்ணெய் கொண்டுவந்து மேல்கோடு வரை ஊற்றுகிறான். ஆனால் அவன் பார்த்த நேரத்தில் ராம் (மேலும் கீழும் போய் அழுத்தும் பகுதி) கீழே இறங்கியிருந்தது, சிலிண்டருக்குள் எண்ணெய் நிறைந்திருந்தது. ராம் மேலே ஏறும்போது சிலிண்டருக்குள் போகிற ராடின் (ராமைத் தாங்கும் தண்டு) கனஅளவுக்கு எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். ஏற்கெனவே நிரம்பிய தொட்டி பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாக வழியும். தரையெல்லாம் வழுக்கல். எண்ணெய் வீண் என்பதோடு, யாராவது விழுந்தால் அது வேறு கதை.

இதற்கான தாளில் இரண்டே படம் போதும். ராம் கீழே, பக்கத்தில் பெருக்கல் குறி. ராம் மேலே, பக்கத்தில் சரி குறி. கீழே ஒரு வரி: 'ராம் மேலே இருக்கும்போதுதான் அளவு பார்.' அதற்கும் கீழே, ஏன் என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். எந்த கிரேடு எண்ணெய், ஃபில்டர் எப்போது மாற்றுவது என்றெல்லாம் இதிலேயே திணிக்கக் கூடாது, அவை வேறு தாள்கள். படம் கையால் வரைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை. என்னைக் கேட்டால், கோணல் மாணலாக ஆபரேட்டர் வரைந்ததைத்தான் மற்ற ஆபரேட்டர்கள் நின்று பார்க்கிறார்கள்.

அந்த 'ஏன்' வரியைத்தான் பல தாள்களில் காணோம். மெஷினில் வெட்டும் இடத்தைக் குளிர்விக்கும் கூலன்ட் கலக்கும்போது தண்ணீரில்தான் எண்ணெயை ஊற்ற வேண்டும், எண்ணெயில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். மாற்றி ஊற்றினால் சரியாகக் கலக்காமல் எண்ணெய் பிரிந்து நிற்கும் என்று ஒரு வார்த்தை இருக்காது. காரணம் தெரியாதவர் அவசரத்தில் கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதை ஊற்றுவார்.

மொழியும் ஒரு பிரச்சினை. 'என்ஷூர் ப்ராப்பர் லூப்ரிகேஷன்' என்று ஆங்கிலத்தில் ஒரு தாள். ப்ராப்பர் என்றால் எத்தனை சொட்டு? லைனில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அவர்களுக்குத் தமிழும் உதவாது. படம் பேச வேண்டும், இல்லாவிட்டால் அவர்கள் மொழியில் இரண்டு வரி அவர்களையே எழுதச் சொல்ல வேண்டும்.

டார்கெட் இல்லாவிட்டால் ஒருவரும் எழுத மாட்டார்கள் என்பீர்கள். உண்மைதான், சில மாதம் போர்டு காலியாகக் கிடக்கும். கிடக்கட்டும். பிரேக்டவுன் ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டருக்குத் தெரியவில்லை' என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் ஒரு ஓபிஎல் பாக்கி இருக்கிறது. ரிஜெக்ஷன் பட்டியலிலும், நூலிழையில் தப்பிய விபத்துகளிலும் மீதி இருக்கும். அப்புறம், மெஷினை மாற்றியமைத்த பிறகும் பழைய தாள் தொங்கினால் அது ஆபத்து. அதைக் கிழிப்பவருக்கும் ஒரு மதிப்பெண் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில இடங்களில் ஓபிஎல் என்பது செலவைத் தள்ளிப்போடும் வழியாகிவிட்டது. கார்டு (கை உள்ளே போகாமல் தடுக்கும் பாதுகாப்பு மறைப்பு) இல்லாத மெஷினுக்கு 'கையை உள்ளே விடாதே' என்று தாள் ஒட்டுவது பயிற்சி ஆகாது. அங்கே முதலில் கார்டு போடுங்கள்.

1998-இல் சுந்தரம்-கிளேட்டனும் 2002-இல் டிவிஎஸ் மோட்டாரும் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு வாங்கிய ஊர் இது. நமக்குத் தெரியாத வித்தை எதையும் நான் கேட்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்காக உருவாகி, பிறகு ஜப்பானுக்குப் போன டிடபிள்யூஐ (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சி முறையிலேயே, சொல்லிக்கொடுத்த பிறகு கற்றவரைச் செய்து காட்டச் சொல்வதும், பின்னால் போய்ப் பார்ப்பதும் கட்டாயப் படிகள். நம் தாள்களில் கையெழுத்தோடு முடிந்துவிடுகிறது.

எனவே, அடுத்த ரிவ்யூ மீட்டிங்கில் எண்ணிக்கை ஸ்லைடை விட்டுவிட்டு, போர்டிலிருந்து ஒரு தாளைக் கழற்றிக்கொண்டு அந்த மெஷினுக்கே போங்கள். நைட் ஷிஃப்டாக இருந்தால் இன்னும் நல்லது. தாளைக் காட்டாமல், அதில் உள்ளதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் அவரைத் திட்ட வேண்டாம். அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார், செய்து காட்டச் சொல்லிப் பார்த்தது யார் என்று கையெழுத்துப் பட்டியலில் தேடுங்கள். பெரும்பாலான தாள்களில் அதற்கான கட்டமே இருக்காது. அந்தக் கட்டத்தை முதலில் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மெயின்டெனன்ஸில் வேலை பார்க்கும் ஒருவன்