சேலைக் குரூப்பில் வாங்கியவர்களும் பேசட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடப்படும் இந்த நாளையொட்டி நெசவாளர்களும், சுங்குடி (முடிச்சிட்டுச் சாயமேற்றும் புள்ளிச் சேலை) போடும் குடும்பங்களும், மகளிர் குழுக்களும் ஆண்டுதோறும் புதிது புதிதாக வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குரூப்புகளைத் தொடங்குகிறார்கள். தீபாவளி வருவதற்குள் பல குரூப்புகள் ஓய்ந்துவிடுகின்றன. அட்மின் மட்டும் நாளுக்கு நாற்பது படம் போட்டுக்கொண்டிருப்பார். மற்றவர்கள் மியூட் செய்துவிட்டு மறந்திருப்பார்கள். சேலையில் குறை இருக்காது. வாங்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அங்கே இடம் இருந்திருக்காது, அவ்வளவுதான். அந்த இடத்தை உண்டாக்கும் வழிகளைச் சிறு விற்பனையாளர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில் ஆள் சேர்ப்பது. போனில் உள்ள எண்களையெல்லாம் கேட்காமல் குரூப்பில் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பிடிக்காதவர்கள் வெளியேறுவதோடு நிற்காமல் 'ரிப்போர்ட்' அழுத்துகிறார்கள். அது சேரச் சேர வாட்ஸ்அப் அந்த எண்ணையே முடக்கிவிடும், கூடவே ஆர்டர் விவரங்களும் போய்விடும். ஏற்கெனவே வாங்கிய முப்பது நாற்பது பேருக்குத் தனித்தனியாக எழுதி லிங்க் அனுப்பினால் போதும்: "போன மாதம் அரக்குக் கலர் வாங்கினீர்கள். துவைப்பது, ரவிக்கை பொருத்துவது பற்றிப் பேச ஒரு குரூப் வைத்திருக்கிறோம். விருப்பமிருந்தால் வாருங்கள்." பார்சலுக்குள் வைக்கும் அட்டையிலும் குரூப்பின் க்யூஆர் இருக்கட்டும். சேலையைக் கையில் பிடித்தபடி உள்ளே வருபவருக்குப் பேச ஏதாவது இருக்கும்.

ஃபாலோயர்களை விலைக்கு வாங்குவதை அறவே விட்டுவிட வேண்டும். எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் செய்கிறார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்புகிறார்கள் என்பவைதான் முக்கியம் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரியே 2025இல் சொல்லியிருக்கிறார். காசுக்கு வந்த கணக்குகள் பார்க்கவும் செய்யாது, அனுப்பவும் செய்யாது. அவற்றின் நடுவே போடும் படம் உண்மையான வாடிக்கையாளரைப் போய்ச் சேருவதும் குறையும்.

எந்தத் தளத்தில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் ஒவ்வொருவரின் எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். சேலைக் குரூப்பில் பெண்கள்தான் அதிகம். முன்பின் தெரியாதவரிடமிருந்து நள்ளிரவில் "ஹாய்" வந்தால் அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் வெளியேறிவிடுவார். வாட்ஸ்அப் சேனலில் எண் தெரியாது, ஆனால் அங்கே வாடிக்கையாளர் பேச முடியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். "அனுப்பினேன், வரவில்லை என்கிறார்கள்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் பேச்சுக்கு ஃபேஸ்புக் குரூப், புது வரவு அறிவிக்க வாட்ஸ்அப் சேனல் என்று பிரித்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. ஃபேஸ்புக்கில் சேர வருபவரிடம் மூன்று கேள்வி கேட்கலாம். "எந்தச் சேலை கட்டுவீர்கள்?" என்பது அதில் ஒன்றாக இருந்தால் போலிக் கணக்குகளை அடையாளம் காண உதவும். வாட்ஸ்அப்தான் வேண்டும் என்றால், புதியவர்களை அட்மின் அனுமதித்த பிறகே சேர்க்கும் அமைப்பை இயக்குங்கள். இரவு பத்து முதல் காலை ஏழு வரை அட்மின் மட்டும் பேசும்படி மாற்றி வையுங்கள்.

இனி, என்ன போடுவது. புது வரவுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். வெள்ளி இரவு எட்டு மணி என்றால் எட்டு மணிதான். பத்துச் சேலைக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் 'க 17' என்பதுபோல ஒரு எண், விலை, நீளம், உயரம், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். நீளம் ஐந்தரை மீட்டரா, ரவிக்கையோடு 6.3 மீட்டரா என்பதையும், உயரம் 46 அங்குலமா 48 அங்குலமா என்பதையும் டேப் வைத்து அளந்து போடுங்கள். உயரமான பெண்களுக்கு அந்த இரண்டு அங்குலம் பெரிய விஷயம். நிறத்தை எழுத்திலும் சொல்லுங்கள். போன் கேமரா அரக்கைச் சிவப்பாகவும் மயில்கழுத்தை வெறும் பச்சையாகவும் காட்டிவிடும். காலை வெளிச்சத்தில், நிழலில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்தால் வித்தியாசம் குறையும். வாட்ஸ்அப்பில் ஹெச்டி அழுத்தி அனுப்பாவிட்டால் கரையின் வேலைப்பாடு மழுங்கிவிடும்.

"விலைக்கு டிஎம் (தனிச் செய்தி) பண்ணுங்க" என்பது பேச்சைக் கொல்லும் வாக்கியம். கேள்வியும் பதிலும் தனியறைக்குப் போய்விட்டால் குரூப்பில் மிஞ்சுவது படம் மட்டும்தான். எல்லாக் கட்டணமும் சேர்ந்த விலையை வாங்குபவர் பார்க்கும்படி காட்டச் சொல்கின்றன 2020ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள். ஒரே சேலைக்கு இருவர் "எனக்கு" என்று எழுதும்போது தகராறு வரும். ஃபேஸ்புக் கமெண்ட்டுகளை நேர வரிசையில் காட்டாமல் 'தொடர்புடையவை' என்று தானே அடுக்குவதால், முந்தி எழுதியவர் கீழே கிடப்பார். எல்லாக் கமெண்ட்டுகளையும் காட்டும்படி மாற்றி, நேரம் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். விற்ற சேலையின் பதிவை அழிக்காதீர்கள், அதன் கீழே நடந்த பேச்சும் சேர்ந்து அழியும். மேலே "விற்றது" என்று சேர்த்தால் போதும். வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குப் பிறகு செய்தியைத் திருத்த முடியாது, அங்கே அதே படத்துக்கு ரிப்ளை செய்து "விற்றது" என்று போட வேண்டும்.

மற்ற நாட்களில் விற்பனை வேண்டாம், பேச்சு மட்டும் இருக்கட்டும். மதுரைச் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். துணியை நகத்தால் கிள்ளி, நூல் சுற்றி முடிச்சிட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்க்கும் அந்தக் கணத்தை முப்பது விநாடி வீடியோவாக எடுத்துப் போடுங்கள். கூடவே ஒரு கேள்வி: "உங்கள் வீட்டுப் பழைய சுங்குடியைத் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் இதே நிறம் இருக்கிறதா?" கையால் முடிந்ததில் புள்ளிக்குப் புள்ளி சின்ன வேறுபாடு இருக்கும், சாயம் இரண்டு பக்கமும் ஏறியிருக்கும். அச்சடித்ததில் புள்ளிகள் ஒரே அச்சாக இருக்கும், பின்பக்கம் வெளிறியிருக்கும். இதைத் தெரிந்துகொண்டவர் அம்மாவின் பெட்டியைத் திறந்து படம் எடுத்துப் போடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். அந்தப் பேச்சுத் தொடரில் அட்மின் வாய் திறக்கவே வேண்டியதில்லை. துணி மில் துணியாக இருந்தால் கைத்தறி என்று எழுதிவிடாதீர்கள். இப்படிப்பட்ட குரூப்பில் அதைக் கண்டுபிடிக்க ஆள் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

மாம்பழ மஞ்சளுக்கு என்ன ரவிக்கை என்று ஒருவர் கேட்டால் அட்மின் உடனே பாய்ந்து பதில் சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரம் விட்டுப் பிடியுங்கள். மற்றவர்கள் சொல்வார்கள். யாருமே சொல்லாவிட்டால் அப்போது எழுதலாம்.

புகார்தான் கடினமான இடம். "முதல் துவைப்பிலேயே சாயம் போய்விட்டது" என்று ஒருவர் எழுதியதும் பல அட்மின்கள் அதை நீக்கி, அவரையும் வெளியேற்றுகிறார்கள். அடுத்த அரை மணியில் அதன் ஸ்கிரீன்ஷாட் வேறு நாலு குரூப்பில் ஓடும். அதே இடத்தில், அன்றைக்கே பதில் எழுதுங்கள். படத்தைத் தனியே வாங்கிப் பாருங்கள், மாற்றித் தருவதோ பணம் தருவதோ முடிவு செய்யுங்கள், செய்ததை அதே பேச்சுத் தொடருக்குத் திரும்பி வந்து சொல்லுங்கள். அடர்நிறச் சேலையை முதல் மூன்று முறை தனியாக அலசி நிழலில் உலர்த்தச் சொல்லும் குறிப்பைப் பார்சலிலேயே வைத்திருந்தால் இந்தப் புகாரில் பாதி வராது. சொந்தக்காரரை வாடிக்கையாளர் போல் எழுதவைத்துச் சமாளிக்க நினைக்காதீர்கள். மேற்சொன்ன மின் வணிக விதிகள் விற்பவர் வாடிக்கையாளராக வேஷம் போட்டு மதிப்புரை எழுதுவதையும் தடை செய்கின்றன. இலவசமாகச் சேலை கொடுத்து ரீல்ஸ் போடவைத்தால், அது விளம்பரம் என்று அந்த ரீல்ஸிலேயே தெரிய வேண்டும்.

வாடிக்கையாளர் கட்டிக்கொண்டு போட்ட படத்தை அவர் எழுத்தில் சம்மதிக்காமல் உங்கள் விளம்பரத்துக்கு எடுக்காதீர்கள். முகம் இல்லாமல் கொசுவமும் முந்தானையும் மட்டும் எடுத்துப் போடலாம் என்று முன்பே சொல்லிவிட்டால், கூச்சப்படுபவர்களும் போடுவார்கள்.

குரூப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க உறுப்பினர் எண்ணிக்கை உதவாது. வாரம் ஒரு முறை நோட்டில் மூன்று எண் எழுதுங்கள்: இந்த வாரம் எத்தனை பேர் வாய் திறந்தார்கள், அட்மின் அல்லாதவர் தொடங்கிய பேச்சு எத்தனை, இரண்டாம் முறை வாங்கியவர் எத்தனை பேர். எங்கள் கணக்கில், நூறு பேரில் பத்துப் பேர் வாரம் ஒருமுறை பேசினாலே நல்ல குரூப். வாட்ஸ்அப்பில் இருநூறு பேரைத் தாண்டினால் பேச்சு சிதறத் தொடங்கும், அப்போது ரவிக்கைக்கு ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று எனப் பிரியுங்கள். பிரிக்கும் முன்பே நீண்ட நாள் வாடிக்கையாளர் இருவரைக் கேட்டு அட்மின் ஆக்குங்கள்.

கடைசியாக, அவசரமான ஒன்று. குரூப்பில் இருந்து எண்களை எடுத்து, கடையின் பெயரையும் படத்தையும் வைத்துக்கொண்டு, "இந்த க்யூஆருக்குப் பணம் போடுங்கள்" என்று ஏமாற்றுகிறார்கள். உங்கள் யுபிஐ முகவரியை குரூப் விவரத்தில் எழுதி வையுங்கள், வேறு எண்ணிலிருந்து ஒருபோதும் பணம் கேட்க மாட்டோம் என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமைப் பதிவின் கீழும் சேருங்கள். யாராவது ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்குவிட்டுக் கணக்கு போய்க்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
கைத்தறி, சுங்குடி விற்பனையாளர்களுக்குச் சமூக ஊடகப் பயிற்சி அளிப்போர்,
மதுரை.