பெட்டிக்குள் இருப்பதைப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நூதனசாலை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதீர்கள்' என்ற பலகையும்தான். பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய், அரைமணித்தியாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, வெளியே வந்து ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தால் கல்விச் சுற்றுலா முடிந்தது. ஒருமுறை அப்படிப் போன இடத்தில் (எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை) என் மாணவி ஒருத்தி, இந்தப் பானை ஏன் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருக்கிறது என்று கேட்டாள். அங்கே நின்றவர் "பார்த்துக்கொண்டு போங்கோ பிள்ளை, பின்னால ஆக்கள் நிக்கினம்" என்றார்.

நல்ல கேள்வி அது. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளுக்கும் விளிம்புக்கும் காற்றுப் போகாது, அதனால் கறுக்கும். வெளியே காற்றுப் படுகிற இடத்தில் களிமண்ணில் இருக்கும் இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து சிவக்கும். உடைந்த ஓடு ஒன்று கையில் இருந்தால், அதன் உடைவாயில் கறுப்பும் சிவப்பும் எங்கே பிரிகிறது என்று காட்டி, ஐந்து நிமிடத்தில் வரலாறும் இரசாயனமும் சேர்த்துப் படிப்பித்துவிடலாம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் முழுசாக நிற்கிற பானையை வைத்து அதைச் செய்ய முடியாது. உடைந்ததுதான் பாடத்துக்கு நல்லது.

நான் உயர்தர வகுப்புகளுக்கு வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தக் கடிதத்தில் கேட்பது ஒன்றைத்தான். நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தும் சேகரித்தும் வைத்திருப்பவை தொல்லியல் படிக்கிறவர்களுக்கு மட்டும் உரியவை என்று யாரும் நினைக்கக்கூடாது. மருத்துவபீடம், விஞ்ஞானபீடம், கிளிநொச்சியில் இருக்கும் பொறியியல்பீடம், அப்புறம் எங்கள் பாடசாலைகள், எல்லாரும் கேட்டு வாங்கி மேசையில் வைத்துப் படிக்கிற பொருளாக அவை ஆகவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பழங்காலக் குடியிருப்பு இருந்த கந்தரோடைக்குப் பக்கத்தில் இருக்கிறவன் என்பதால் உடைந்த பானை ஓடுகள் எனக்குப் புதிதில்லை. தோட்டம் கொத்தினால் வரும், கிணறு வெட்டினால் வரும். 1970இல் அமெரிக்காவில் இருந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் நூதனசாலைக்காரர் இங்கே வந்து தோண்டினார்கள். விமலா பெக்லி என்ற அம்மையார் நடத்திய அகழாய்வு அது. இவ்வளவு தூரம் வந்து மண்ணில் குந்தியிருந்தது ஒரு பல்கலைக்கழகத்தின் நூதனசாலை என்பதைக் கவனியுங்கள். காட்சிக்கு வைக்கிறது அவர்களுடைய வேலையில் ஒரு பகுதி மட்டும்தான்.

அதே பெக்லி பிறகு புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கும் அரிக்கமேட்டைக் கையில் எடுத்தார். அங்கே 1945இல் மோட்டிமர் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டி, ரௌலட்டட் என்கிற வகை மட்பாண்டம் (உள்ளடியில் வட்டம் வட்டமாகப் பொளிந்த கோடுகள் உள்ள தட்டுகள்) கி.பி. முதலாம் நூற்றாண்டை ஒட்டியது, உரோம வணிகத்தோடு சேர்ந்தது என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். பெரிய மனிதர் சொன்னது, எல்லாரும் அதையே திருப்பிச் சொன்னார்கள். பெக்லி அந்த மண்படைகளின் குறிப்புகளையும் மட்பாண்டங்களையும் மறுபடி அலசி, இவை அதற்கு முன்னரே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலேயே தொடங்கிவிட்டன என்று 1983இல் வாதிட்டார். அதே வகை ஓடு கந்தரோடையிலும் உண்டு, ஆகவே அங்கே திகதி நகர்ந்தால் எங்கள் ஊர்க் கணக்கும் சேர்ந்து நகரும். எது எந்த மண்படையில் வந்தது என்று வீலரின் ஆட்கள் குறிக்காமல் விட்டிருந்தால் அந்தத் திருத்தத்துக்கே வழி இருந்திராது.

அதனால்தான் பொருளைவிட அதோடு கட்டியிருக்கும் துண்டுக்குறிப்பு பெரிது என்று சொல்லுவேன். எந்த ஊர், எந்தக் காணி, எந்தக் குழி, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் என்ன கிடந்தது. குறிப்பு இருந்தால் ஒரு சின்ன ஓட்டுத்துண்டும் சாட்சி சொல்லும். குறிப்பு தொலைந்தால் வெள்ளித்தட்டாக இருந்தாலும் அது அலங்காரச் சாமான்தான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருடத்திலேயே, எந்தத் துறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு பொருளை எடுத்து அளந்து, படம் கீறி, இந்தக் குறிப்பை எழுதப் பழக்கலாம். எழுதப் பழகுகிறவன் பார்க்கப் பழகுவான். போட்டோ எடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கீறும்போதுதான் விளிம்பு வெளியே வளைந்திருக்கிறதா உள்ளே வளைந்திருக்கிறதா என்று கண்ணில் படும்.

இனி யாழ் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆனைக்கோட்டைக்கு வருவோம். 1980இல் நம் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது எலும்புக்கூடுகளும் வந்தன, அந்தப் புகழ்பெற்ற முத்திரையும் வந்தது. முத்திரையில் ஒரு வரி குறியீடு, ஒரு வரி பிராமி என்ற பழைய எழுத்து. அதை எப்படி வாசிப்பது, அது யாரைச் சொல்கிறது என்று நாற்பது வருசத்துக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறோம். எலும்புக்காக யாரும் இவ்வளவு சண்டை பிடித்து நான் காணவில்லை. பல்லின் எனாமல் சின்ன வயதில் உருவாகி முடிந்துவிடும், பிறகு மாறாது. அந்த வயதில் குடித்த தண்ணீரும் தின்ற சாப்பாடும் எந்தப் பாறை உள்ள மண்ணில் இருந்து வந்தன என்பது எனாமலில் இருக்கும் ஸ்ரோன்சியம் என்ற மூலகத்தில் பதிந்திருக்கும். யாழ் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். வன்னியின் உட்பகுதி அதைவிடப் பல மடங்கு பழைய கடும்பாறை. இரண்டு நிலத்திலும் ஸ்ரோன்சியத்தின் இருவகை அணுக்களின் விகிதம் ஒன்றாக இருக்காது. ஆகவே இப்படியான ஈமக்குழிகளில் கிடக்கிறவர் குடாநாட்டிலேயே வளர்ந்தவரா, வேறெங்கோ வளர்ந்து இங்கே வந்து செத்தவரா என்று கேட்டுப்பார்க்க வழி உண்டு. இதற்கு மண்ணியல் தெரிந்தவர் வேண்டும், பல் வைத்தியர் வேண்டும், இரசாயனம் தெரிந்தவர் வேண்டும், அதோடு இந்தப் பல் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரு பட்டியலும் வேண்டும்.

பழைய பொருளில் புதிசாக என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் தன் அஷ்மோலியன் நூதனசாலையைத் திறந்தது 1683இல். அந்தச் சேகரிப்போடு வந்த டோடோ பறவையின் தலை ஒன்று இப்போது அங்கே இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கிறது. மொரிசியசில் வாழ்ந்து முன்னூறு வருசத்துக்கு முன்னரே அழிந்துபோன பறவை, அதன் தோல் ஒட்டியிருக்கும் ஒரே தலை அதுதான். லண்டனில் காசு வாங்கிக் காட்டி வளர்த்த பறவை, தானாகச் செத்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2018இல் வோரிக் பல்கலைக்கழகத்துப் பொறியியல் ஆட்கள் அதை ஸ்கான் பண்ணிப் பார்த்தால் மண்டையோட்டின் பின்பக்கத்தில் ஈயச்சன்னங்கள்! யாரோ சுட்டிருக்கிறார்கள். இத்தனை தலைமுறை அறிஞர்கள் கையில் எடுத்துப் பார்த்த தலை. பறவை ஆய்வாளர் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை, இயந்திரப் பகுதிகளை ஸ்கான் பண்ணுகிற கருவி வைத்திருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். நமக்கும் பொறியியல்பீடம் இருக்கிறது, போதனா வைத்தியசாலையில் சீ.ரி. ஸ்கானரும் இருக்கிறது. நோயாளிகளை முந்திக்கொண்டு எலும்புக்கூட்டை வரிசையில் விடச் சொல்லவில்லை, இரவில் ஒரு மணித்தியாலம் கிடைக்காதா?

நம் யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேது நாணயங்களையும் இப்படிப் பார்க்கலாம். நந்தியும் 'சேது' என்ற எழுத்தும் உள்ள செப்புக்காசு, சுரண்டாமல் எக்ஸ்-கதிர் கொண்டே செம்பு எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று அறியலாம். பௌதிகவியல் மாணவர் ஒருவரின் இறுதி வருட ஆய்வுக்கு இதுவே தாராளம்.

எதிர்ப்பு வரும், தெரியும். உடையும், தொலையும், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் இருக்கிறது என்பார்கள். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. ஆனைக்கோட்டை முத்திரை மாதிரி ஒன்றை எல்லார் கையிலும் கொடுக்கச் சொல்கிற அளவுக்கு எனக்கு மூளை கலங்கவும் இல்லை. ஆனால் ஒரு அகழாய்வில் வருவதில் பெரும்பங்கு சாதாரண ஓடுதான், அதில் படித்துப் பழகலாம். பரிசோதனைக்காகப் பல்லையோ எலும்பையோ வெட்ட வேண்டி வந்தால் யார் அனுமதிப்பது, எவ்வளவு வெட்டலாம், மிச்சத்தை எப்படி வைப்பது என்று எழுதிவைத்த ஒழுங்கு வேண்டும். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் ஒரு ஈமக்குழிக் கலயத்தில் சுமார் 2 கிலோ நெல் கிடைத்தது; வயதறியும் கரிமப் பரிசோதனைக்குக் கொஞ்சம் அனுப்பித்தான் கி.மு. 490 என்ற திகதியைப் பெற்றார்கள். கொஞ்சம் அழியத்தான் வேண்டும், எவ்வளவு என்பதில்தான் பேச்சு.

தொலைவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்தது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும். 1995 ஒக்ரோபரில் போரால் ஒரே இரவில் ஊரே எழும்பிப் போனபோது வீட்டு உறுதியைத் தூக்கியவர்கள்கூடப் பெட்டியில் கிடந்த பழைய காசைத் தூக்கவில்லை. பூட்டி வைத்ததால் மட்டும் ஒன்றும் மிஞ்சிவிடவில்லை. பட்டியலும் படமும் பல இடங்களில் இருப்பதுதான் காவல். நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து நூல்களை இணையத்தில் ஏற்றிவைத்துச் செய்துவருகிற வேலையை ஓட்டுக்கும் காசுக்கும் பல்கலைக்கழகம் செய்யட்டும், பொருளின் இலக்கத்தைத் தட்டினால் படமும் குறிப்பும் வரட்டும். மதிப்புள்ள காசு எந்த அறையில் இருக்கிறது என்பதைப் போடாமல் விடலாம், அது வேறு விசயம்.

இன்னொன்று. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பழைய காசும் மணியும் இருக்கிறது. எங்கே கொடுப்பது, கொடுத்தால் நாளைக்குத் தொல்பொருள் திணைக்களத்தார் காணியில் பலகை நட்டுவிடுவார்களோ என்று பயந்து வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பயத்துக்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும், அதை இங்கே விரிக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை மேசை போட்டு, சனம் கொண்டுவருவதைப் பார்த்து, படமெடுத்து, இடத்தைக் குறித்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நேராகச் சொன்னால் பாதிப் பயம் போகும். அந்த மேசையில் இருக்க வேண்டியது பேராசிரியர் இல்லை, மாணவர்கள். கேள்வி கேட்கவும், 'எனக்குத் தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லவும் அங்கே பழகுவார்கள்.

பாடசாலைகளுக்கு நான் கேட்பது சின்னது. ஒரு மரப்பெட்டி. அதில் கறுப்பு-சிவப்பு ஓடு, சொரசொரப்பான சமையல் சட்டி ஓடு, ரௌலட்டட் துண்டு ஒன்று, சங்கு வளையல் துண்டு, இரும்புக் கசடு, ஒரு சேது நாணயத்தின் அச்சுப்பிரதி. ஒவ்வொன்றுக்கும் இலக்கமும் குறிப்பும். சட்டப்படி எவற்றை வெளியே கொடுக்கலாம் என்பதைப் பல்கலைக்கழகமும் திணைக்களமும் பேசி முடிவெடுக்கட்டும், கொடுக்க முடியாதவற்றுக்குப் பிரதி செய்யட்டும். இரண்டு கிழமைக்கு ஒரு பாடசாலை என்று பெட்டி சுற்றி வரட்டும், ஆசிரியர் கையெழுத்துப் போட்டு எடுத்து, எண்ணித் திருப்பிக் கொடுக்கட்டும். வலிகாமத்தில் இருந்து தொடங்குவதானால் முதல் பாடசாலையை நான் பேசி ஒழுங்கு செய்து தருகிறேன், பெட்டியை ஏற்றி இறக்குகிற ஓட்டோச் செலவும் என்னுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
சுன்னாகம்.