கவிழ்த்துப் போட்ட ரம்பம்

அன்புள்ள சேகர்,

ஏழு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதாக இருந்தால் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பாலுவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. இனி சீட்டாட்டத்தில் அந்தச் சாக்கு செல்லாது.

உன் போட்டோவைப் பார்த்துவிட்டுத்தான் அவசரமாக எழுதுகிறேன். கையில் பிடித்து அறுக்கும் 7 அங்குல ரம்பத்தைக் கவிழ்த்து, பிளைவுட்டுக்கு அடியில் முடுக்கி, 'டேபிள் சா ரெடி' என்கிறாய். மேசை அழகுதான். ஊஞ்சல் பலகை மாதிரி ஆகாமல் இருந்தால் சரி. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால், பிளேடு மூடியைக் கம்பி போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது, சுவிட்சைக் கேபிள் டை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பிளேடுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அந்தக் கடைசி விஷயம்தான் வயிற்றைக் கலக்குகிறது.

எல்லோரும் பிளேடின் முன்பக்கத்தையே பார்த்துப் பயப்படுகிறார்கள். நீ நிற்கும் பக்கத்து முன்பல் கீழே இறங்குகிறது, கட்டையை மேசையோடு அழுத்துகிறது. பின்பல் மேலே ஏறி வருகிறது. அறுத்த பிளவு மூடிக்கொண்டாலோ, கட்டை, அதை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டமான கைடை விட்டு விலகிப் பின்பல்லில் உரசினாலோ, அந்தப் பல் கட்டையைத் தூக்கி உன் வயிற்றில் அடிக்கும். 185 மிமீ பிளேடு நிமிடத்துக்கு 5000 சுற்றில் ஓடினால் பல் நுனியின் வேகம் மணிக்கு 170 கிமீக்கு மேல். கட்டை அடிப்பது ஒருபுறம். அதைத் தள்ளிக்கொண்டிருந்த கை, பிடி போனதும் எங்கே விழும்? யோசித்துப் பார்.

ஈரமான வேம்பு, முறுக்கேறிய மா, இதெல்லாம் அறுக்கும்போதே பிளவை இறுக்கிப் பிடிக்கும். நேரான பலகை என்று எதையும் நம்பாதே.

அதற்குத்தான் பிளவுத் தகடு. பிளேடுக்குப் பின்னால், அதே நேர்கோட்டில் நிற்கும் எஃகுத் தகடு. பிளேடு உடம்பைவிடத் தடிப்பாகவும், பல்லின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். உடம்பு 1.8, பல் 2.6 மிமீ என்றால் 2.2 சரியாக வரும். மெல்லியதானால் பிளவு மூடுவதைத் தடுக்காது; தடித்தால் கட்டை அதிலேயே சிக்கி நிற்கும். பல்லுக்கும் தகட்டுக்கும் இடைவெளி 3 முதல் 8 மிமீ. உச்சி, பிளேடு உச்சிக்குச் சற்றுக் கீழே. உன் மேசையில் பிளேடு உயரத்தை மாற்றினால் இந்த இடைவெளியும் கெடும். அதனால் முக்கால் அங்குல ரீப்பருக்கு என்று ஒரே உயரத்தில், பல் கட்டைக்கு மேல் 5 மிமீ தெரிகிற மாதிரி, நிறுத்திவிடு.

அமெரிக்காவில் சா ஸ்டாப் என்று ஒரு இயந்திரம் விற்கிறது. தோல் பட்டதும் சில மில்லி நொடியில் ஓர் அலுமினியக் கட்டை பிளேடில் பாய்ந்து அதை நிறுத்திவிடும். அதிலேயே பிளவுத் தகடு வைத்துத்தான் தருகிறார்கள். நீ கேபிள் டை வைத்திருக்கிறாய்!

சுவிட்சுக்கு வருகிறேன். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. கட்டையை எடுத்துவிட்டு, தூளைக் கையால் தட்டுகிறாய். கரண்ட் வருகிறது, பிளேடு தானே சுற்றுகிறது. கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாமல் தடுக்கும் நோவோல்ட் காயில் பம்புசெட் ஸ்டார்ட்டரில் எதற்கு இருக்கிறது என்று உனக்கா சொல்ல வேண்டும்? அதே வேலையைச் செய்யும் சிங்கிள் பேஸ் சுவிட்ச் தனியாகக் கிடைக்கும். முழங்காலால் தட்டி நிறுத்துகிற உயரத்தில் மாட்டு.

கைடை டேப்பில் ஒரு தடவை அளந்து இறுக்காதே. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸ் குறி போடு. அதே பல்லை முன்னால் வைத்துக் கைடுவரை ஒரு அளவு, பின்னால் திருப்பி ஒரு அளவு. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பின்பக்கம் மயிரிழை அகலமாக இருந்தால் பரவாயில்லை, குறுகலாக மட்டும் இருக்கவே கூடாது. குறுக்குவெட்டுக்குக் கைடில் சாய்க்காதே. துண்டு நடுவில் மாட்டித் தெறிக்கும். அதற்குக் கைரம்பமே போதும். ஒரு அடிக்குக் குறைந்த கட்டையையும் இதில் காட்டாதே.

பிளேடுக்கும் கைடுக்கும் நடுவிலுள்ள கோட்டில் நிற்காமல் இடப்பக்கம் தள்ளி நில். கடைசி ஒரு சாணுக்குக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டை வை. கையுறை கூடாது, பல்லில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டும் வேண்டாம், லுங்கியும் வேண்டாம், மாப்பிள்ளை! அப்பா வீட்டு நிலைக்கதவை அறுக்கப்போகிறாய் என்று தெரியும். முதலில் காந்தம் வைத்துத் தேடி ஆணியைப் பிடுங்கு.

மூடிக்கு இன்னும் வழி யோசிக்கவில்லை. தகடு நின்றால் அதன் தலையிலேயே ஒரு அக்ரிலிக் மறைப்பு மாட்டலாம் போலிருக்கிறது.

பிளேடு உடம்பு, பல் அகலம், இந்த இரண்டு அளவையும் வெர்னியரில் எடுத்து இன்றைக்கே அனுப்பு. டேப் அளவு வேண்டாம். தகட்டை நான் வெட்டி கூரியரில் போடுகிறேன். அது வந்து சேரும்வரை ரம்பத்தின் பிளக்கை வெட்டி மைதிலி கையில் கொடுத்துவை. அவளிடமிருந்து நீ எதையும் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

அன்புடன்,
ரகு