கிராம முதியோர் சங்கம்: 2024 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, போசகர்களே, அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு அறிக்கையை வாசித்து முடித்ததும், "கூட்டம் நடந்தது, தேநீர் கொடுத்தார்கள் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது, தம்பி?" என்று பின்வரிசையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே அதை ஒரு வரியில் முடிக்கிறேன்: வீதியில் வெள்ளம் நின்ற மாதம் தவிர மாதந்தோறும் கூட்டம் நடந்தது, தேநீரும் கொடுக்கப்பட்டது.

இவ்வாண்டின் வேலை ஒரு கிளினிக் நாளில் தொடங்கியது. நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் எங்கள் அங்கத்தவர்கள், இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு விடியமுன் ஏ9 வீதிக்கு வருகிறார்கள். பஸ் வரும்வரை நிற்கவேண்டும். இருப்பதற்கு ஒரு வாங்கு இல்லை. போகும் வழியில் மலசலகூடமும் இல்லாதபடியால், முதல்நாள் பின்னேரமே தண்ணீரைக் குறைத்துவிடுவதாகப் பெண் அங்கத்தவர்கள் பலர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் படுத்தும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள், வன்னி வெயிலில் தண்ணீர் குடியாமல் மருந்தெடுக்கப் போகிறோம். இதைக் கேட்ட பின்னர் நிர்வாக சபை, திட்டமிட்டிருந்த சுகாதாரச் சொற்பொழிவுகளை நிறுத்தி, அந்தப் பணத்தை பஸ் தரிப்பிடத்துக்குச் செலவிடத் தீர்மானித்தது.

உலக சுகாதார நிறுவனம் 2007 இல், முதியோர்க்கு உகந்த நகரங்கள் பற்றி ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வெளியிடங்கள், போக்குவரத்து, வீடு, மருத்துவ சேவை என எட்டுத் துறைகளை அது பேசுகிறது. நகரங்களுக்கு எழுதிய நூல். கிரவல் வீதியும் கட்டாக்காலி மாடும் அதில் இல்லை. ஆனால் வாங்கும் மலசலகூடமும் இருக்கின்றன. எங்கள் ஆச்சிமார் சொன்னதைத்தான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முன்னர் சிரமதானத்தில் வாங்கு கட்டினோம். தாழ்வாகக் கட்டினால் முழங்கால் நோவுள்ளவர் எழும்ப இன்னொருவர் கைகொடுக்க வேண்டும் என்பதால், உயர்த்திக் கட்டி இரு பக்கமும் கைபிடி வைத்தோம். முதல் வாரம் அதில் இளைஞர்களே இருந்தார்கள். இப்போது எங்களைக் கண்டால் எழும்புகிறார்கள், பெரும்பாலும்.

பொதுநோக்கு மண்டபத்தின் சாய்தளம் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. மண்டப வாசல் நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் பதினெட்டு அடி வேண்டும். சீமெந்தை மிச்சம்பிடிக்க நினைத்து ஆறடியில் முடிக்கச் சொன்னவன் நான்தான். திறந்த அன்றே சக்கர நாற்காலியில் வந்த எங்கள் மூத்த அங்கத்தவர் ஒருவர், இறங்கும்போது பிடி தவறி வேலிவரை போய் நின்றார். காயம் இல்லை. "செயலாளர் எனக்குச் சறுக்குமரம் கட்டித் தந்திருக்கிறார்" என்றார். அதை இடித்து, நடுவில் ஒரு திருப்பம் வைத்துப் பதினெட்டு அடிக்குக் கட்டினோம். இரண்டாம் முறைச் சீமெந்துச் செலவு பொருளாளரின் கணக்கில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது.

மீள்குடியேறியபின் கட்டிய வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வளவின் பின்புறத்தில், குந்தியிருக்கும் வகையில் இருக்கிறது. அன்று எங்களுக்கு அந்தத் தெம்பு இருந்தது. வயது கூடும் என்று யாரும் யோசிக்கவில்லை. இரவில் அங்கு போகும் வழியில் விழுந்தவர்கள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்தமுறை தொலைபேசியில் "என்ன அனுப்ப?" என்று கேட்டால், சுவரில் பூட்டும் கைபிடிக்கும் ஒரு மின்விளக்குக்கும் காசு கேளுங்கள்.

2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம். அறுபது வயதைத் தாண்டியும் முதியோர் அடையாள அட்டை எடுக்காதவர்கள், கிராம அலுவலரிடம் கொடுக்கும் விண்ணப்பத்தை என்னிடம் நிரப்பிக்கொள்ளலாம். பின்னேரத் தாயக்கட்டைக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள், சண்டையும் கூடிவிட்டது.

தரிப்பிட மலசலகூடத்துக்குச் சுவர் எழும்பிவிட்டது. தண்ணீர் இணைப்பு இல்லை. இரண்டு கடிதங்கள் அனுப்பினோம், பதில் இல்லை. மூன்றாவதை எல்லோரும் கையொப்பமிட்டு நேரில் கொடுப்பதாகத் தீர்மானம். கூட்டம் முடிந்ததும் கடிதம் வாசல் மேசையில் இருக்கும். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்கு என்னுடையதைத் தருகிறேன்.